நீர்ப்பூங்காவில் கிடைத்த மரவள்ளி

என் மனைவிக்கு அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மருந்து ஏற்றுவதில் இன்னும் இரண்டு சுற்று பாக்கி. எடை இதற்கு மேல் இறங்கினால் அடுத்த சுற்றைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதனால் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இன்றைக்குச் சாப்பிட்டாளா, இல்லையா.

அவள் சாப்பிடாததற்குக் காரணம் வாந்தியோ வாய்ப்புண்ணோ மட்டுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஆர்கானிக் என்று எழுதியிருந்தால்தான் வாயில் வைப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள். எழுதியிருந்தாலும் நம்ப மாட்டாள். கீரையைத் திருப்பிப் பார்ப்பாள், தண்டை முகர்ந்து பார்ப்பாள், சந்தேகம் வந்தால் அப்படியே குப்பைக்குப் போகும். நாங்கள் இருக்கும் குருணிலிருந்து சுங்கைப்பட்டாணி வரை காரை ஓட்டி, அங்கே ஒரு கடையில் தங்கம் வாங்குவதுபோல ஒரு கட்டுக் கீரையை வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பேன். அவள் இரண்டு இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, "வேணாங்க" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நோயாளியிடம் கத்த முடியுமா? பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன். அது டெலிபோனில் வரும் வீடியோக்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பைத்தியம் என்றுதான் நான் நினைத்தேன். பூச்சிமருந்து, களைக்கொல்லி என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள், இவளும் நம்பிவிட்டாள் என்று என் மகளிடம்கூடச் சொன்னேன்.

மகளுக்குக் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை. அவளுடைய தொழிற்சாலையில் குடும்ப தினம் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் நீர்ப்பூங்காவுக்கு அழைத்தார்கள். சறுக்குமரம், செயற்கை அலை, தலையில் தண்ணீரைக் கொட்டும் பெரிய வாளி எல்லாம் உள்ள இடம். "அம்மா தண்ணில எறங்க வேணாம். நிழல்ல உக்காந்து பாத்தா போதும்" என்றாள் மகள். என் மனைவி உடனே சரி என்றாள். நான்கு மாதமாக வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர வேறெதையும் பார்க்காதவள். அவள் முகத்தில் அந்த ஆசையைப் பார்த்த பிறகு நான் என்ன மறுப்பது.

அன்று விடியற்காலையிலேயே எழுந்து அவளே சமைத்தாள். சிவப்பரிசிச் சோறு, பூசணிக்காய், கொஞ்சம் பருப்பு. எல்லாம் அந்தக் கடையில் வாங்கியது. பையில் முதலில் வைத்தது அவளுடைய கரண்டியைத்தான்.

அந்தக் கரண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி கையால் சாப்பிட மாட்டாள். கல்யாணமான நாள் முதல் அப்படித்தான். சோறானாலும் தோசையானாலும் கரண்டி வேண்டும். நாங்கள் யாழ்ப்பாண வழிவந்தவர்கள். அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் சட்டை மடிப்பு கலையாது, ஆனால் எல்லோரும் கையால் பிசைந்துதான் சாப்பிடுவோம். இவள் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண். நான் விரும்பிக் கட்டிக்கொண்டேன், வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. கல்யாண விருந்தன்று எல்லோரும் வாழை இலையின் முன் உட்கார்ந்திருக்க, இவள் மெல்லக் கரண்டி கேட்டாள். என் அக்காள் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கட தம்பி தோட்டத்துக்குப் போய் ஒரு துரைசானியைக் கொண்டு வந்திருக்கிறான்" என்றாள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெள்ளைக்காரத் துரையின் மனைவிக்குச் சொல்லும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இருபத்தெட்டு வருடமாக நானும் அவளைத் துரைசானி என்றுதான் கூப்பிடுகிறேன், செல்லமாகத்தான். டவுனுக்கு வந்ததும் தோட்டத்தை மறைக்க நாகரிகம் பழகிக்கொண்டாள் என்பது என் எண்ணம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மகள் குழந்தையாக இருந்தபோதும் அவள் கையால் ஊட்டியதில்லை. கரண்டியால்தான் ஊட்டுவாள். பெற்ற பிள்ளைக்குக் கையால் ஒரு வாய் ஊட்டாத தாய் என்று அக்காள் அதையும் பேசினாள். இவள் அடுத்த வாயைக் கரண்டியில் எடுத்து ஊதினாள்.

நீர்ப்பூங்கா வாசலில் பையைச் சோதித்தார்கள். மகள் தன் சக ஊழியர்களோடு முன்னால் போய்விட்டாள், மனைவி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காவலாளி டப்பாக்களைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "மக்கானான் லுவார் தா போலே, என்சிக்." வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது. கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் மட்டும் விலக்கு உண்டு என்று பலகையில் எழுதியிருந்தது. நோயாளி என்றால் கடிதம் வேண்டும்.

கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். முப்பது வருடம் அலுவலகக் கவுண்டரின் உள்பக்கம் உட்கார்ந்து, கடிதம் எங்கே, முத்திரை எங்கே, நாளைக்கு வா என்று ஆட்களைத் திருப்பி அனுப்பியவன் நான். இப்போது என் முறை வந்தபோது கை சட்டைப்பைக்குள் போகவில்லை. எனக்குப் பின்னால் மகளின் தொழிற்சாலைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். காவலாளி அந்தக் கடிதத்தைப் பிரித்து, நோயின் பெயரை வாய்விட்டுப் படிப்பார் என்று தோன்றியது. நாலு பேர் திரும்பி என் மனைவியின் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்ப்பார்கள். எனக்குக் கூசியது. பையை எடுத்துக்கொண்டு போய்க் காரின் பின்பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

"லெட்டரைக் காட்டினீங்களா?" என்று கேட்டாள்.

"காட்டினேன். ஒத்துக்க மாட்டேங்கிறான். சாப்பிடற நேரத்துக்கு வெளிய வந்து சாப்பிடுவோம்."

அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாங்க போகலாம் என்பதுபோல எழுந்தாள்.

காலை முழுவதும் நன்றாகத்தான் போனது. அந்த வாளி கவிழும்போதெல்லாம் கீழே நிற்பவர்கள் அலறினார்கள், என் மனைவி ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். மகள் நனைந்த கோலத்தில் வந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டு ஓடினாள். பன்னிரண்டு மணிக்கு நான் காருக்குப் போனேன். பின்கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்ததுபோல அனல் அடித்தது. பருப்பு நுரைத்திருந்தது, சோறு நூல் விட்டிருந்தது. கெடாவின் வெயிலில் மூடிய காரில் நாலு மணி நேரம் சோறு தாங்காது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மணிக்கு அவளுக்கு மாத்திரை. வெறும் வயிற்றில் போடவே கூடாது. வீட்டுக்குப் போய்த் திரும்ப அடுப்பு மூட்டி ஆக்கினால் மூன்று மணியாகிவிடும். நான் விஷயத்தைச் சொன்னதும் அவள், "பிள்ளையோட நாளைக் கெடுக்காதீங்க. ஒரு வேளை சாப்பிடலைன்னா என்ன ஆயிடும்" என்றாள். என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். முந்தின வாரம் எடை பார்த்தபோது முள் நின்ற இடத்தை இரண்டு பேரும் பார்த்தோம். என் மீதே எனக்கு வந்த ஆத்திரத்தில் பெஞ்சை விட்டு எழுந்து நடந்தேன்.

அந்தப் பூங்காவில் நான் ஏறாத கடை இல்லை. பொரித்த கோழி, பொரித்த சாசேஜ், பொரித்த உருளைக்கிழங்கு, நீல நிறத்தில் ஒரு குளிர்பானம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளரிக்காயும் கீரையும் இருந்தது. அதை எடுத்துப் போனால் அவள் எப்படிப் பார்ப்பாள் என்று தெரிந்ததால் வைத்துவிட்டேன். கடைசியில் ஒரு பழச்சாறுக் கடையின் பலகையில் ஆர்கானிக் என்று பச்சை எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது. ஓடினேன் என்றே சொல்லலாம். உள்ளே ஒரு மலாய்ப் பெண் போத்தலிலிருந்து சிரப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். உண்மையிலேயே ஆர்கானிக்தானா என்று கேட்டேன்.

"நாமா கெடாய் சாஜா, பாக்சிக்" என்றாள் அவள், சிரிக்காமல். கடையின் பெயர் மட்டும்தானாம். பொய் சொல்லாததற்கு அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

முகத்தைக் கழுவலாம் என்று கழிப்பறைக் கட்டடத்துக்குப் போனேன். அதன் பின்கதவு திறந்திருந்தது. படியில் துப்புரவு வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண்மணி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறுபதை ஒட்டிய வயது இருக்கும். டப்பாவில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, மேலே தேங்காய்த் துருவல், ஓரத்தில் வதக்கிய கீரை. எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"அக்கா, இந்தக் கிழங்கு எங்க வாங்கினது?"

"வாங்கறதா? பம்பு ரூமு பின்னால வேலி ஓரமா நட்டதுண்ணே. கீரையும் அங்கதான். காலையில பிடுங்கி எங்க பெண்ட்ரி அடுப்புல அவிச்சேன்."

"மருந்து கிருந்து எதாச்சும்..."

அவர் மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "யாருக்குக் கேக்கறீங்க?"

வாசலில் காவலாளியிடம் நீட்ட மாட்டேன் என்று மறைத்ததை அந்தப் படிக்கட்டில், பெயர் தெரியாத ஒருவரிடம் முழுதாகச் சொன்னேன். நோயின் பெயர், எடை, காரில் கெட்டுப்போன சோறு, ஒரு மணி மாத்திரை எல்லாவற்றையும். அவர் டப்பாவை மூடி எழுந்தார்.

"கூட்டிட்டு வாங்கண்ணே. நெறைய இருக்கு."

என் மனைவியை அழைத்து வந்தேன். அவள் கிழங்கைப் பார்க்கவில்லை. அந்த அக்காளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேராக வேலி ஓரத்துக்கு நடந்தாள். பத்துப் பதினைந்து மரவள்ளிச் செடிகள், அடியில் சர்க்கரைவள்ளிக் கொடி படர்ந்திருந்தது. அவள் குனிந்து ஓர் இலையைத் திருப்பினாள். பூச்சி கடித்த ஓட்டைகள் இருந்தன. பிறகு இலையை விட்டுவிட்டு, செடியைச் சுற்றியிருந்த புல்லைத்தான் வெகுநேரம் பார்த்தாள்.

"புல்லு அடி வரைக்கும் பச்சையா இருக்கு" என்றாள் மெல்ல.

"கையாலதான் பிடுங்குவேன் தங்கச்சி" என்றார் அந்த அக்காள். "தோட்டத்துல களைமருந்து அடிச்ச வரைக்கும் போதும்."

என் மனைவி நிமிர்ந்தாள். "எத்தன வருஷம்?"

"பதினெட்டு. குருண் பக்கம் ஒரு தோட்டம். நீங்க?"

"ஏழு. சுங்கை லாலாங்."

எனக்கு விளங்கவில்லை. கல்யாணத்துக்கு முன் என்ன வேலை செய்தாய் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். வெளிக்காட்டு வேலை என்றாள். பால்மரம் சீவிப் பால் எடுப்பதைத் தவிரத் தோட்டத்தில் செய்யும் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். புல் வெட்டியிருப்பாள், உரம் போட்டிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். களைக்கொல்லி தெளிக்கும் தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு பதினேழு வயதிலிருந்து ஏழு வருடம் நடந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

படியில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த அக்காள் இன்னொரு டப்பாவில் கிழங்கும் கீரையும் எடுத்து வைத்தார். என் மனைவி சுற்றிலும் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுடைய கரண்டி காரில், கெட்டுப்போன சோற்றோடு கிடந்தது.

"கரண்டி இருக்குமாக்கா?"

அப்போதுதான் கவனித்தேன். இத்தனை நேரமும் அந்த அக்காளும் கரண்டியால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தம் கரண்டியைப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

"இது ஒண்ணுதான் வச்சிருக்கேன். உங்களுக்கும் இன்னும் கையால சாப்பிட வரலையா?"

"வரலக்கா."

"எனக்கும் வரலை லா. அந்த வேலைய விட்டு இருவது வருஷமாச்சு. சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவறேன். ஆனா கைய வாய்க்கிட்ட கொண்டு போனா அந்த மருந்து மணம்தான் வருது."

"நாங்க பிளாஸ்டிக் பையக் கையில மாட்டிக்கிட்டு சாப்பிடுவோம்" என்றாள் என் மனைவி. "கை கழுவக் காட்டுல தண்ணி ஏது. அப்பறம் ஒரு கங்காணியம்மா கரண்டி வாங்கிக் குடுத்தாங்க."

இதை அவர்கள் ஏதோ பழைய பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். விருந்து இலை, என் அக்காளின் குரல், பந்தியின் சிரிப்பு, அதில் என் சிரிப்பு. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கரண்டியை ஊதி ஊதி ஊட்டியவள். தன் கை பிள்ளையின் வாயில் படக்கூடாது என்று பயந்திருக்கிறாள். நாங்கள் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தோம். கீரையை முகர்ந்து பார்த்ததும் வீடியோ பார்த்த பயமில்லை. எதை முகர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நோய்க்கும் அந்த வேலைக்கும் டாக்டர் யாரும் முடிச்சுப் போடவில்லை. அவள் மனசுக்குள் போட்டிருக்கிறாள், யாரிடமும் சொல்லாமல்.

பிற்பாடு இதை என் அக்காளிடம் தொலைபேசியில் சொன்னேன். "இண்டைக்குச் சாப்பிட்டவளோ?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று அன்று அந்தப் படியில் என் மனைவியிடம் கேட்டேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

அந்த அக்காள் தம் கரண்டியைக் குழாயில் கழுவி அவளிடம் நீட்டினார். என் மனைவி வாங்கவில்லை. "நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. முதல்ல சாப்பிடுங்கக்கா, உங்க நேரம் முடிஞ்சிடும்" என்று திருப்பி அவர் கையிலேயே வைத்தாள். என் கடிகாரத்தில் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

நான் குழாயடிக்குப் போனேன். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். முப்பது வருடம் முத்திரை குத்திய கை. மையைத் தவிர வேறொன்றும் இதில் பட்டதில்லை. திரும்பி வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, கிழங்கை மசித்து, தேங்காயும் கீரையும் சேர்த்துப் பிசைந்தேன். ஒரு வாய் உருட்டி நீட்டினேன்.

அவள் என் விரல்களைப் பார்த்தாள். "கார் பூட்டைத் தொட்டீங்களே."

"கழுவிட்டேன்."

"சோப்பு?"

"ரெண்டு தடவை." பிறகு, சொல்லாமல் இருக்க முடியாமல், "வாசல்ல அந்த லெட்டரை நான் காட்டவே இல்ல" என்றேன்.

"தெரியும். மடிச்சது மடிச்சபடி பாக்கெட்டுல இருக்கு" என்றாள், வாயைத் திறந்தாள்.

மெதுவாகத்தான் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நான் காத்திருந்தேன். அந்த அக்காள் எங்களைப் பார்க்காதவர்போலச் செடிகளைப் பார்த்துக்கொண்டு தம் பங்கைச் சாப்பிட்டார். தூரத்தில் வாளி கவிழ்ந்து ஆட்கள் அலறும் சத்தம் கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் வழியில்லை, கையெல்லாம் கிழங்கு. துரைசானி என்று கூப்பிட வாய் வந்தது, கூப்பிடவில்லை.

டப்பா காலியானது. இடது கையால் மாத்திரை உறையை எடுத்தேன். அவள் என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த அக்காளின் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் ரெண்டு வாய்க்கு இருக்குமாக்கா?" என்று கேட்டாள்.